கேரோ: நூறு வருஷம் கழித்து பத்துப் பேர் கூடுதல்

1870ல் அமெரிக்க அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் கேரோ என்ற ஊருக்கு 6,267 பேர். நூறு வருஷம் கழித்து, 1970 கணக்கில், 6,277 பேர். வித்தியாசம் பத்தே பத்து. இந்த ரெண்டு எண்ணை மட்டும் பார்த்தா, எதுவுமே நடக்காத ஊர் போலிருக்கு என்றுதான் தோன்றும். நடுவில் அந்த ஊர் பதினைந்தாயிரம் பேருக்கு வளர்ந்து, பாதிக்கு மேல் இழந்து, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அதோட நிற்கவும் இல்லை.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திடறேன். இது எகிப்தில் இருக்கிற கெய்ரோ இல்லை. இல்லினாய் மாநிலத்தின் தெற்கு நுனியில், ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் வந்து விழுகிற கூடுதுறையில் இருக்கிற ஊர். ஆங்கிலத்தில் எழுத்து ரெண்டுக்கும் ஒன்றுதான், ஆனா உள்ளூர்க்காரர்கள் 'கேரோ' என்பார்கள். அந்த வட்டாரத்துக்கே 'குட்டி எகிப்து' என்று பட்டப்பெயர் உண்டு. பக்கத்தில் தீப்ஸ், கர்நாக் என்றெல்லாம் ஊர்கள் இருக்கின்றன.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. இதைவிட நல்ல இடம் ஒரு நகரத்துக்குக் கிடைக்காது என்று யாருக்கும் தோன்றும். வட அமெரிக்காவின் ரெண்டு பெரிய நீர்வழிகள் சேருகிற முனை. (மிசிசிப்பி என்ற பெயர்தான் அங்கிருந்து கீழே தொடர்கிறது. ஆனால் சேருமிடத்தில் சராசரியாக அதிகத் தண்ணீர் கொண்டுவருவது ஓஹையோதான். பெயர் வைப்பதில் நியாயம் பார்த்தவர்கள் யார்?) இந்த இடத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நிறைய பேர். 1818ல் ஒரு கூட்டம், ஊரும் வங்கியும் சேர்த்து உருவாக்கும் அனுமதியையே அரசிடம் வாங்கிவிட்டது. ஊர் எழும்பவில்லை. 1837ல் டேரியஸ் ஹோல்புரூக் என்பவர் ஒரு கம்பெனி தொடங்கி, லண்டனில் கடன் பத்திரங்களை விற்று, மண்கரை, மரம் அறுக்கும் ஆலை, ஹோட்டல் எல்லாம் கட்டினார். 1840ல் பத்திரம் விற்ற லண்டன் நிறுவனம் திவாலானது. வந்தவர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். 1842ல் அந்த வழியாகப் படகில் போன சார்ல்ஸ் டிக்கன்ஸ் பார்த்தது பாதி கட்டிய, சேற்றில் அழுகும் வீடுகளைத்தான். பயணநூலில் அந்த ஊரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். பிறகு எழுதிய 'மார்ட்டின் சசல்விட்' நாவலில் வரும் ஏடன் என்ற மோசடிக் குடியிருப்புக்கும் கேரோதான் மாதிரி என்பது பரவலான கருத்து.

இனி அரசாங்கக் கணக்கு. நான் இதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு ஒரு எண்:

1850: 242
1860: 2,188
1870: 6,267
1880: 9,011
1890: 10,324
1900: 12,566
1910: 14,548
1920: 15,203
1930: 13,532
1940: 14,407
1950: 12,123
1960: 9,348
1970: 6,277
1980: 5,931
1990: 4,846
2000: 3,632
2010: 2,831
2020: 1,733

கேரோ பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ரெண்டு கதைதான் கிடைக்கும். ஒன்று, 'பாலங்கள் வந்ததால் ஊர் செத்தது'. இன்னொன்று, '1969ல் கறுப்பின மக்கள் நடத்திய கடைப் புறக்கணிப்பு ஊரைக் கொன்றது'. மேலே இருக்கிற பட்டியலோடு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

ஏறுமுகம் எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1850களின் நடுவில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை கேரோ வரை வந்தது. சிகாகோவில் இருந்து வரும் சரக்கு இங்கே நீராவிக் கப்பலுக்கு மாறும். 1858ல் மண்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தும், 1860ல் 2,188 பேர். அப்புறம் உள்நாட்டுப் போர். 1861 செப்டம்பரில் யுலிசஸ் கிராண்ட் இங்கே வந்து பொறுப்பேற்றார். அடுத்த பிப்ரவரியில் டென்னசியின் ஹென்றி, டொனல்சன் கோட்டைகளைப் பிடிக்கப் படை கிளம்பியது இங்கிருந்துதான். பக்கத்து மவுண்ட் சிட்டியில் இரும்புக் கவசப் படகுகள் கட்டினார்கள்.

போரோடு வந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தெற்கு மாநிலப் பண்ணைகளில் இருந்து தப்பித்த அடிமைகள் ஆயிரக்கணக்கில் கேரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். 'ஹக்கிள்பெரி ஃபின்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹக்கும் ஜிம்மும் தோணியில் தேடிப்போகிற ஊர் இந்த கேரோதான். அங்கிருந்து ஓஹையோ ஆற்றில் மேலே போனால் ஜிம்முக்கு விடுதலை. மூடுபனியில் ஊரைத் தவறவிட்டுவிடுவார்கள். நிஜ கேரோவில் நிலைமை வேற. இல்லினாய் 'சுதந்திர' மாநிலம்தான், ஆனா 1853ல் போட்ட சட்டப்படி வெளியில் இருந்து வரும் கறுப்பின ஆள் பத்து நாளுக்கு மேல் அங்கே தங்கினால் அபராதம். கட்ட முடியாவிட்டால் அந்த ஆளின் உழைப்பை ஏலம் விடலாம். 1865ல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். ஆக, போர் நடந்த காலத்தில் கேரோவில் வந்திறங்கியவர்கள் அடிமைத்தனத்தில் இருந்து தப்பி, தாங்கள் இருக்கவே கூடாது என்று சட்டம் சொன்ன மாநிலத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

அவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1900 வாக்கில் ஊரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். படகுத்துறையிலும் ரயிலிலும் மர ஆலைகளிலும் மூட்டை தூக்கியது, மரம் அறுத்தது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்ப பாலக் கதைக்கு வருவோம். 1889ல் ஓஹையோ மேல் இல்லினாய் சென்ட்ரலின் ரயில் பாலம் திறந்தது. அதுவரை ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பாலம் வந்ததும் அந்த வேலை போச்சு. 1905ல் தீப்ஸ் ஊரில் மிசிசிப்பி மேல் இன்னொரு ரயில் பாலம். இதெல்லாம் உண்மை. ஆனா எண்களைப் பாருங்க: 1890ல் 10,324, 1920ல் 15,203. பாலம் வந்த பிறகு முப்பது வருஷம் ஊர் வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. தெற்கில் இருந்து வரும் மரத்தை அறுப்பது, பருத்திக்கொட்டை எண்ணெய், மாவு ஆலை என்று வேறு தொழில்கள் படகுத் தொழிலின் இடத்தைப் பிடித்தன. சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்யும் தொழிற்சாலைகூட இங்கே இருந்தது. ரயில் பாலம் ஊரின் வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். ஊரைக் கொல்லவில்லை.

சாலைப் பாலங்கள் செய்த சேதம்தான் அதிகம் என்பது என் கணிப்பு. 1929ல் மிசிசிப்பி மேல் ஒன்று, 1930களின் கடைசியில் ஓஹையோ மேல் ஒன்று. இரண்டும் ஊருக்குத் தெற்கே, கூடுதுறைக்கு மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கென்டக்கியில் இருந்து மிசூரி போகிற லாரி ஒரு சின்னத் துண்டு இல்லினாய் மண்ணில் ஓடிவிட்டு, ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். 1978ல் 57ம் எண் நெடுஞ்சாலை ஊருக்கு வடமேற்கே தனிப் பாலம் போட்டுக்கொண்டு போனது. அதோடு வடக்கு-தெற்கு வண்டிகளும் ஊரைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. 1940ல் 14,407 இருந்தது 1960ல் 9,348. இருபது வருஷத்தில் 5,059 பேர். ஆற்றுத் தொழிலும் ரயில் தொழிலும் சுருங்கிய அந்தக் காலத்தில் நாட்டில் பல ஊர்கள் ஆட்களை இழந்தன. ஆனால் இழந்ததை ஈடுகட்ட ஒரு ஊர் என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி. கேரோ அதில்தான் தோற்றது. அந்தத் தோல்விக்கு முன்கதை உண்டு.

1909 நவம்பர் 11. ஒரு வெள்ளைப் பெண்ணின் கொலை வழக்கில் சந்தேகப்பட்ட வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கான பேர் கூடி ஊரின் முக்கியத் தெருவில், மின்விளக்கு அலங்கார வளைவில் தூக்கிலிட்டார்கள். கயிறு அறுந்ததும் சுட்டார்கள், இழுத்துப்போய் எரித்தார்கள். அதைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். அதே ராத்திரி, மனைவியைக் கொன்றதாகச் சிறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரரையும் இழுத்துவந்து தூக்கிலிட்டது அந்தக் கூட்டம். இல்லினாயின் 1905 சட்டம் ஒன்று, கைதியைக் கூட்டத்திடம் விட்டுவிடும் ஷெரிஃபின் பதவி தானாகப் போய்விடும் என்றது. பதவி இழந்த ஷெரிஃப் அதைத் திரும்பக் கேட்டு மனு போட்டார். பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் சிகாகோவில் இருந்து கேரோவுக்கு நேரில் போய், தகவல் திரட்டி, ஆளுநர் டெனீன் முன்னால் நின்று வாதாடினார். மனு தள்ளுபடி ஆனது.

இதற்கு அடுத்த கணக்கெடுப்பில்கூட ஊர் வளர்ந்துதான் இருக்கிறது. எண்களுக்கு வெட்கம் கிடையாது.

பிறகு வந்த ஐம்பது வருஷத்தில் ஊர் எடுத்த சில முடிவுகள் விசித்திரமானவை. ஊரில் ஒரு நீச்சல் குளம் இருந்தது, தனியார் கிளப் என்ற பெயரில். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அவர்கள் குளிக்கப் போனது ஆற்றுக்கு, அந்த ஆறு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. 1962ல் மாணவர்கள் குளத்தின் முன் மண்டியிட்டுப் போராடினார்கள். அதில் இருந்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் புகழ்பெற்றது. நிர்வாகம் என்ன செய்தது? எல்லோரையும் விடுவதற்குப் பதில் குளத்தை மூடிவிட்டது. கடைசியில் கான்கிரீட் கொட்டி நிரப்பியாச்சு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் குளம் கிடையாது.

இந்த ஒரு காட்சியில் கேரோவின் 20ம் நூற்றாண்டு முழுக்க இருக்கு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1967 ஜூலையில் விடுப்பில் வந்திருந்த ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயது கறுப்பின ராணுவ வீரர் கேரோ காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கியபடி இறந்து கிடந்தார். தற்கொலை என்றது போலீஸ். கறுப்பின மக்கள் நம்பவில்லை. கலவரம், தேசியக் காவல் படை. 'வெள்ளைத் தொப்பிகள்' என்ற பெயரில் வெள்ளையர்கள் ஆயுதமேந்திய காவல் குழு அமைத்தார்கள். 1969ல் பாதிரியார் சார்ல்ஸ் கோயன் தலைமையில் ஐக்கிய முன்னணி உருவாகி, கடைப் புறக்கணிப்பு தொடங்கியது. கோரிக்கை ரொம்ப எளிமையானது: எங்க காசை வாங்குறீங்க, எங்க ஆட்களுக்குக் கடையில் வேலை கொடுங்க. பல வியாபாரிகள் வேலை கொடுப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். ராத்திரிகளில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரமிட் கோர்ட்ஸ் குடியிருப்புக்குள் துப்பாக்கிச் சூடு. 1972ல் மத்திய சிவில் உரிமை ஆணையம் ஊருக்கே வந்து விசாரணை நடத்தியது.

புறக்கணிப்புதான் ஊரைக் கொன்றதா? திரும்பவும் பட்டியல். 1920 உச்சத்தில் இருந்து 1960 வரைக்கும் 5,855 பேர் போயாச்சு. அப்போது ஐக்கிய முன்னணி என்று ஒன்று இல்லவே இல்லை. 1960களில் 3,071 பேர் போனார்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பத்து வருஷத்தில் புறக்கணிப்பு இருந்தது கடைசி ஓராண்டு மட்டும். புறக்கணிப்பும் அதன் பின்விளைவும் முழுசாகத் தெரிய வேண்டிய 1970களில் போனவர்கள் வெறும் 346 பேர். 5.5 சதவீதம். 1920க்குப் பிறகு இவ்வளவு குறைவாக ஆட்களை இழந்த பத்தாண்டு வேறு இல்லை. கடைகள் போயின, உண்மை. ஜனங்கள் அதற்கு முன்னாலேயே கிளம்பியாயிற்று. போகக்கூடியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், போக வழி இல்லாதவர்களும் போக மனசில்லாதவர்களும் மிச்சம் இருந்தார்கள் என்று நான் இதை வாசிக்கிறேன்.

அப்படி மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் ஹாட்டி கென்ட்ரிக், பள்ளி ஆசிரியை. 1940களில் கறுப்பின ஆசிரியர்களுக்கும் சம சம்பளம் வேண்டும் என்று நீதிமன்றம் போனவர். அவர்கள் தரப்பு வழக்கறிஞர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். கேரோ நகரசபையில் அப்போது வார்டு கிடையாது. ஊர் முழுக்க ஒரே தொகுதி. அதனால் ஐந்தில் இரண்டு பங்கு இருந்தும் கறுப்பின வேட்பாளர் ஜெயிக்க முடியாது. 1970களில், வயதான காலத்தில், அதை எதிர்த்தும் வழக்குப் போட்டார். 1980ல் சமரசத் தீர்ப்பு வந்து வார்டு முறை அமலானது. நகரசபையில் இடம் கிடைத்தபோது ஊரில் 5,931 பேர்தான். ஆளுவதற்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

2011க்கு வருவோம். அந்த மே மாதம் கேரோவில் ஓஹையோவின் நீர்மட்டம் 61.72 அடிக்கு ஏறியது, அதுவரை காணாத உச்சம். ஊரைச் சுற்றி மண்கரையும் சுவரும் இருக்கின்றன. வடக்கில் நெடுஞ்சாலை நுழையும் இடத்தில் 80 டன் எடையுள்ள இரும்புக் கதவு, அதை இறக்கினால் ஊர் ஒரு கிண்ணம் போல மூடிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் கரைக்கு அடியிலேயே ஊறிக் கொப்பளித்து உள்ளே வர ஆரம்பித்தது. ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மே 2 இரவு ராணுவப் பொறியாளர்கள் எதிர்க்கரையில், மிசூரியில் இருக்கிற பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1,30,000 ஏக்கர் விவசாய நிலம் மூழ்கியது. கேரோ தப்பியது.

அதற்கு முந்தைய நாட்களில் அமெரிக்காவில் நடந்த விவாதத்தைப் படித்தால் சங்கடமாக இருக்கும். 2,800 பேர் உள்ள ஒரு செத்த ஊருக்காக இவ்வளவு நல்ல நிலத்தை மூழ்கடிப்பதா என்று கேட்டார்கள். மிசூரி சட்டமன்றத் தலைவர் ஒருவர், எது மூழ்கலாம் என்ற கேள்விக்கு யோசிக்காமல் கேரோதான் என்று பதில் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். மிசூரி அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் தடை கிடைக்கவில்லை. ஒரு விஷயத்தை அந்த விவாதத்தில் பலரும் விட்டுவிட்டார்கள். அந்த நிலம் 1928 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே வெள்ள வடிகாலாக ஒதுக்கப்பட்டது. தண்ணீர் விடும் உரிமையை அரசு நில உடைமையாளர்களிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. 1937 வெள்ளத்திலும் இதே கரையை வெடி வைத்தார்கள். இறங்கின தண்ணீரால் பலனடைந்ததும் கேரோ மட்டும் இல்லை.

ஆனா மூழ்கின நிலத்தில் பின்ஹூக் என்று ஒரு குட்டி ஊர் இருந்தது. 1940களில் கறுப்பின விவசாயிகள் உருவாக்கியது. நல்ல நிலத்தை அவர்களுக்கு யாரும் விற்கவில்லை, கிடைத்தது வடிகால் நிலம்தான். 2010 கணக்கில் 30 பேர். அந்த ஊர் அழிந்தே போயிற்று. கேரோவா வயலா என்று கேட்ட விவாதத்தில் பின்ஹூக்கின் பெயரை அதிகம் பேர் சொல்லவில்லை.

காப்பாற்றிய கேரோவுக்கு அடுத்து நடந்தது 2017ல். 1940களில் கட்டிய எல்ம்வுட், மக்பிரைட் அரசு அடுக்ககங்கள் எலியும் பூஞ்சையுமாகக் கிடந்தன. உள்ளூர் வீட்டுவசதி அமைப்பின் நிர்வாகச் சீர்கேடு முற்றி, 2016ல் மத்திய அரசே பொறுப்பை எடுத்துக்கொண்டது. செப்பனிடக் காசில்லை, இடிக்கிறோம் என்று மறு வருஷம் அறிவித்தார்கள். 185 குடும்பங்கள், ஏறக்குறைய 400 பேர், அதில் பாதி குழந்தைகள். வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள், ஆனால் அதை வைத்துக் குடியேற கேரோவில் வீடே இல்லை. முப்பது, நாற்பது மைல் தள்ளி வேற ஊர்களுக்குப் போனார்கள், சிலர் மாநிலத்தையே விட்டு. 2,831 பேர் உள்ள ஊரில் 400 என்பது ஏழில் ஒருவர்.

அதனால்தான் பட்டியலின் கடைசி வரி அப்படி இருக்கிறது. 2010ல் இருந்து 2020க்குள் 38.8 சதவீதம் வீழ்ச்சி. இந்த ஊரின் வரலாற்றிலேயே மோசமான பத்தாண்டு இதுதான், 1960கள்கூட இல்லை. கேரோவைத் தலைநகராகக் கொண்ட அலெக்சாண்டர் கவுன்டி அந்தப் பத்தாண்டில் 36.4 சதவீதம் இழந்து, சதவீதக் கணக்கில் அமெரிக்காவிலேயே அதிக மக்களை இழந்த கவுன்டி ஆனது. 1,733 என்பது 1860 எண்ணிக்கையைவிடக் குறைவு.

இன்று ஊரில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். 1872ல் கட்டிய சுங்க மாளிகை அருங்காட்சியகமாக நிற்கிறது, கிராண்ட் தங்கிய மக்னோலியா மாளிகையையும் பார்க்கலாம். வணிகத் தெருவில் பெரும்பாலும் காலி மனைகள். 2015ல் ஊரின் கடைசி மளிகைக் கடை மூடியது. தக்காளி வாங்கக்கூட ஆற்றைத் தாண்டி வேற மாநிலம் போக வேண்டியிருந்தது. 2023 ஜூனில் ஊர்க்காரர்களே உறுப்பினராகச் சேர்ந்து ஒரு கூட்டுறவு மளிகைக் கடை திறந்தார்கள். கூடுதுறையில் சரக்குத் துறைமுகம் கட்ட இல்லினாய் அரசு 2020ல் 4 கோடி டாலர் அறிவித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2030ல்.